திருகோணமலையில் வீட்டு வளவில் குளம் அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளவுக்குள் சிறு குளம் ஒன்று வைக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: நம் ஊர்க் குளம் நவம்பர் மழையையும் தாங்க வேண்டும், தென்மேற்கிலிருந்து சூடாக வீசும் ஓகஸ்ட் கச்சான் காற்றையும் தாங்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைத்துக் கட்டுவதால்தான் பல குளங்கள் மாரியில் மதிலடியை அரிக்கின்றன, அல்லது ஆடியில் வற்றிச் சேறாகிக் கைவிடப்படுகின்றன. கணக்குச் சொல்ல வேண்டிய இடங்களில் 10 அடி நீளம், 7 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழமுள்ள ஒரு குளத்தை வைத்தே சொல்கிறேன். பக்கங்கள் சரிவாக இருந்தால் அதில் ஏறக்குறைய 3,000 லீற்றர் தண்ணீர் நிற்கும்.

எங்கள் வளவு சின்னது. குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும்?

6 அடிக்கு 4 அடி போதும். நம் ஊரில் பெரிதாகப் பரப்புவதை விட ஆழமாக்குவதே நல்லது. கச்சான் அடிக்கும் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 முதல் 7 மில்லிமீற்றர் தண்ணீர் ஆவியாகிப் போகும். மேலே சொன்ன 10க்கு 7 அடிக் குளத்தில் இது நாளுக்கு 40 லீற்றர் அளவு. அதே 3,000 லீற்றரை ஓரடி ஆழத்தில் பரப்பி வைத்தால் இழப்பு இரண்டு மடங்காகும், தண்ணீரும் மத்தியானத்தில் சுடும். ஒரு பகுதியாவது 2 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். மீன்கள் வெயில் நேரத்தில் அங்கேதான் போய் ஒதுங்கும்.

வளவில் எந்த இடம் நல்லது?

காலை வெயில் நன்றாக விழுந்து, பின்னேரம் நிழல் வரும் இடம். தாமரை, அல்லி வைக்க ஆசை என்றால் 5, 6 மணி நேர வெயில் வேண்டும். தென்மேற்குப் பக்கத்தில் மதிலோ, அடர்ந்த வேலியோ இருந்தால் அது கச்சானை மறித்துக் கொடுக்கும்.

மரத்துக்கு நேர் கீழே வேண்டாம். வேம்பும் புளியும் சின்ன இலைகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அவை அடியில் அழுகிக் கறுப்புச் சேறாகும். தென்னைக்குக் கீழே தேங்காயும் மட்டையும் விழும். ஆல், அரசு முளைத்த மதிலுக்குப் பக்கத்தில் சீமெந்துக் குளம் கட்டினால் வேர் அதைப் பிளக்காமல் விடாது. மலசலகூடக் குழிக்குப் பள்ளப் பக்கத்திலும் வெட்டக் கூடாது.

இன்னொன்று. குசினி யன்னலிலிருந்தோ விறாந்தையிலிருந்தோ பார்த்தால் தெரிகிற இடமாக இருக்கட்டும். கண்ணில் படுகிற குளத்தைத்தான் மனிதர் கவனிப்பார்கள். கிணற்றடிக்கு அப்பால் மறைவில் வெட்டிய குளம் ஆறு மாதத்தில் குப்பைக் குழியாகிவிடும்.

உப்புவெளியில் இருக்கிறோம். இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது. அதையே குளமாக விடலாமா?

விடலாம், ஆனால் அது நீங்கள் நினைக்கிற குளமாக இருக்காது. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேதான் நிற்கும். அந்தக் காலத்தில் துரவு வெட்டி அள்ளியது அந்தத் தண்ணீரைத்தான். ஆனால் அது மாரியில் நிலமட்டத்துக்கு ஏறும், கோடையில் அடியில் போய்விடும், கடலுக்குக் கிட்ட இருந்தால் உவர்ப்பும் ஏறும். வெறும் மணல் ஓரம் ஒவ்வொரு மழைக்கும் சரியும்.

மணலில் தோண்டி லைனர் (தண்ணீர் கசியாத பிளாஸ்டிக் விரிப்பு) விரித்தால் வேறு சிக்கல். மாரியில் அடித் தண்ணீர் எழும்பி லைனரைக் கீழிருந்து தள்ளும். குளத்து நடுவில் அது அப்பத்தின் நடுப்பகுதி உப்புவது போல உப்பி நிற்கும். சீமெந்துத் தொட்டியையும் இந்த விசை விடாது. கழுவுவதற்காக மழைக்காலத்தில் முழுவதும் இறைத்து வெறுமையாக்கினால் தொட்டியே நிலத்திலிருந்து கிளம்பி வெடிக்கலாம்.

அதனால் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை, நிலத்துக்கு மேலே கட்டுங்கள். அரை அடி மட்டும் தோண்டி, அடித்தளத்துக்குக் கொங்கிரீட் போட்டு, சுற்றிவர 2 அடி உயரத்துக்குச் சீமெந்துக் கல் அடுக்கிப் பூசுங்கள். மதில் விளிம்பை ஓரடி அகலமாக எடுத்தால் இருப்பதற்கும் ஆயிற்று. தண்ணீர் உயரத்தில் இருப்பதால் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டால் அதுவாகவே வாழைக்கு ஓடும். தவழும் பிள்ளை நேராகப் போய் விழுவதும் குறையும்.

உவர்மலைப் பக்கம் அலவாங்கு கல்லில் முட்டுகிறது. என்ன செய்யலாம்?

கல்லோடு சண்டை பிடிக்க வேண்டாம். அந்தப் பாறை படிகக் கற்பாறை வகை, கோணேசர் மலையும் அதே வகைதான். முட்டிய இடத்தில் நிறுத்தி, மீதி ஆழத்தை மேலே மதிலாக எழுப்புங்கள். தோண்டி எடுத்த கல்லையே ஓரத்துக்கு வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் அலங்காரக் கல்லை விட அது அழகு.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்க வேண்டும்?

ஓகஸ்ட், செப்டெம்பர். நிலம் காய்ந்திருக்கும், அடித் தண்ணீர் ஆகக் கீழே இருக்கும், குழி சரியாது. ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் பூச்சும் பதமாக்கலும் முடிந்தால் மாரி மழையே குளத்தை நிரப்பும். டிசம்பரில் வெட்டத் தொடங்குவோர் பாதி நாளைத் தண்ணீர் இறைப்பதிலேயே செலவழிப்பார்கள்.

கச்சான் காலத்தில் சீமெந்து வேலை செய்யும்போது ஒரு கவனம் தேவை. சூடான காற்று பூச்சின் மேற்பரப்பை ஒரு மத்தியானத்துக்குள் உலர்த்திவிடும், தலைமயிர் அளவு வெடிப்புகள் ஓடும், பிறகு அதன் வழியே தண்ணீர் கசியும். பூசி முடிந்ததும் ஈரச் சாக்கு விரித்து, குறைந்தது 7 நாளைக்குக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேசன் போய்விடுவார். நனைப்பது வீட்டுக்காரர் வேலை. அதை முன்கூட்டியே யாராவது பொறுப்பெடுங்கள்.

தோண்டும்போது இனந்தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால், யுத்த காலத்தில் வெறுமையாய்க் கிடந்த காணி என்றால் முக்கியமாக, தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

சீமெந்தா, லைனரா, களிமண்ணா?

நிலம் அசையாத செம்மண் என்றால் லைனர் இலகு, ஒரு நாளில் வேலை முடியும். அளவு கணக்கு இப்படி: குளத்தின் நீளம், அதோடு ஆழத்தின் இரண்டு மடங்கு, அதோடு ஓரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி. நம் குளத்துக்கு 10 + 4 + 2, அதாவது 16 அடி நீளம். அகலத்துக்கு 7 + 4 + 2, அதாவது 13 அடி. குழியில் வேர், கூர்க் கல் எல்லாம் பொறுக்கி எடுத்து, 2 அங்குலத்துக்கு நைஸ் மணல் போட்டு, அதன்மேல் பழைய சாக்கோ கம்பளமோ விரித்துத்தான் லைனர் போட வேண்டும். சாதாரண நீலத் தறப்பாள் இதற்கு உதவாது. நம் வெயிலுக்கு அது ஓரிரு வருடத்தில் நொருங்கிவிடும். ஓரத்தில் வெளியே தெரியும் பகுதியைக் கல்லாலோ மண்ணாலோ மூடிவிடுங்கள். எந்த லைனரையும் முதலில் கெடுப்பது வெயில்தான்.

சீமெந்து செலவு கூட, ஆனால் எலி கடிக்காது, மாடு மிதித்தாலும் தாங்கும். அடித்தளத்துக்கு 4 அங்குலக் கொங்கிரீட், உள்ளே கம்பி வலை, சீமெந்து, மணல், கல் கலவை 1:2:4. நம் குளத்தின் அடித்தளத்துக்கு மட்டும் 50 கிலோ சீமெந்து 4 முதல் 5 பை வரும். அடியும் சுவரும் சேரும் மூலையை நேர்கோணமாக விடாமல் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும்.

களிமண் குளம் எனக்கு ஆகப் பிடித்தது. ஆனால் அது தம்பலகாமம் போன்ற வயல் மண்ணுக்கே பொருந்தும். மண்ணை நனைத்துக் கையில் உருட்டிப் பென்சில் அளவு திரியாக நீட்டிப் பாருங்கள். வளைத்தால் உடையாமல் வட்டமாக வந்தால் அந்த மண் தண்ணீரைப் பிடிக்கும். நீரைத் தெளித்துத் தெளித்து, படை படையாக மிதித்து, அரையடிக்கு இறுக்க வேண்டும். கோடையில் ஒரு தடவை முழுவதும் காய விட்டாலும் பாளம் பாளமாக வெடிக்கும், பிறகு பழைய இறுக்கம் வராது.

எதைக் கட்டினாலும் விளிம்பின் மட்டம் முக்கியம். ஒளி ஊடுருவும் ஹோஸ் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் எதிரெதிர் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். ஓரங்குலம் பிசகினால் ஒரு பக்கம் வழியும்போது மறுபக்கம் சீமெந்து அசிங்கமாகத் தெரியும்.

புதுச் சீமெந்துத் தொட்டியில் விட்ட மீன் எல்லாம் செத்துப்போயின. ஏன்?

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரையும். தண்ணீர் கடுங்காரமாகி மீனின் பூவை (செவுளை) எரித்துவிடும். தொட்டியை நிரப்பி நாலைந்து நாள் விட்டு இறையுங்கள். இப்படி மூன்று நாலு தடவை செய்யுங்கள். வாழைத்தண்டை வெட்டித் துண்டு துண்டாகத் தொட்டியில் ஊறப் போடுவது நம் ஆட்களின் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அழுகும் முன் எடுத்துவிட வேண்டும். கட்டி முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். பிறகு முதலில் நாலைந்து கப்பி மீனை மட்டும் விட்டுப் பாருங்கள்.

அடைமழையில் குளம் வழிந்தால் வீட்டுக்குள் வருமா?

வழிய விட்டால் வரும். வழியைக் கொடுத்தால் வராது. 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் குளத்தில் நேரடியாக 4 அங்குலம் ஏறும். இது பயப்பட வேண்டிய அளவல்ல. ஆபத்து பீலித் தண்ணீரில் இருக்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் அதே மழை 9,000 லீற்றருக்கு மேல் தரும். அது நம் குளத்தைப் போல மூன்று மடங்கு. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரைகடந்தது. அப்படியான ஒரு மழைக்காலத்தை மனதில் வைத்தே அளவு போடுங்கள்.

பீலிக் குழாயைக் குளத்துக்கு விடுவதென்றால் நடுவில் திருப்பிவிடும் வழி ஒன்று கட்டாயம் வேண்டும். குளத்தின் விளிம்புக்கு 6 அங்குலம் கீழே 4 அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதித்து, வாயில் வலை கட்டி, வாழைப் பாத்திக்கோ ஒழுங்கை வடிகாலுக்கோ கொண்டுபோங்கள். பக்கத்து வளவுக்கு விடாதீர்கள். எத்தனையோ வேலிச் சண்டைகள் தண்ணீரில் தொடங்கியவை. வலையில் ஒட்டும் இலையை மழைக்கு நடுவில் போய் எடுத்துவிட வேண்டும். அடைபட்ட குழாய் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

நுளம்பு பெருகாதா? டெங்கு வராதா? அயலவர் எதிர்க்கிறார்கள்.

அயலவரின் பயம் நியாயமானது. 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைக் கொண்டுபோனதை நம் மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. அந்த ஆண்டில் நாடு முழுவதும் 186,000 பேர் அளவில் நோயாளிகளாகப் பதிவாகினர், 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி, வளவில் நுளம்பு பெருக இடமளிப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் குடம்பி இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஆனால் டெங்கு நுளம்பு விரும்புவது எதை? சிறிய, அசையாத, மீன் இல்லாத தண்ணீரை: சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, அடைபட்ட பீலி. முட்டை முதிர்ந்த நுளம்பாக 7 முதல் 10 நாள் எடுக்கும். மீன் ஓடுகிற திறந்த குளத்தில் குடம்பி அந்த ஒரு கிழமையைத் தாண்டாது. அதனால் முதல் விதி, தண்ணீர் நிரப்பிய குளம் மீன் இல்லாமல் ஒரு கிழமைக்கு மேல் இருக்கக் கூடாது. சீமெந்து ஊற வைக்கும் காலத்தில் நாலைந்து நாளுக்கொரு தடவை இறைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளத்தை விட, குளத்தைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள். லைனரின் மடிப்பில் தேங்கும் கைப்பிடித் தண்ணீருக்குள் மீன் போகாது. தாமரை நடுவதற்கென்று வாங்கி வைத்த வெறும் சாடி மழையில் நிறையும். கல் இடுக்குகளில் தண்ணீர் நிற்கும். மடிப்புகளை இழுத்து நேராக்கி, இடுக்குகளைச் சாந்தால் அடையுங்கள். வெறும் சாடியை ஊற்றிக் கவிழ்ப்பது மட்டும் போதாது. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சாடியின் சுவரில் முட்டை ஒட்டும்; அந்த முட்டை காய்ந்தபடியே மாதக் கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். தும்புத்தடியால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மிதக்கும் செடி குளத்தை மூடிவிட்டால் மீனுக்கு மேற்பரப்பு கிடைக்காது. நீர்ச் செடிகளின் வேரில் ஒட்டி மூச்சு வாங்கும் நுளம்புக் குடம்பிகளும் உண்டு. ஆகவே மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்கட்டும். கிழமைக்கொரு காலை, வெள்ளைக் கோப்பையால் ஓரத்துத் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். நெளிந்து நெளிந்து கீழிறங்கும் மயிரிழைகள் தெரிந்தால் குடம்பி. அந்தக் கோப்பையை அயலவருக்கும் காட்டுங்கள். வாய்ப்பேச்சை விட அது அவர்களுக்கு நம்பிக்கை தரும்.

குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா, மழைத் தண்ணீரா?

மழைத் தண்ணீர்தான் முதல் தெரிவு. நடுத்தரமாக 25 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு மழை 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து 2,000 லீற்றர் அளவு தரும். இரண்டு மழையில் குளம் நிறைந்துவிடும். நீண்ட கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள், அது கூரையின் தூசியையும் காக எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும்.

குழாய்நீரில் குளோரின் இருக்கும். திறந்த பீப்பாயில் இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கோடையில் ஊர் முழுக்கத் தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால், குளத்துக்குக் குழாய்நீர் விடுவது சரியல்ல.

கிணற்றுத் தண்ணீர் நன்னீர் என்றால் நல்லது. கரையோரக் கிணறு என்றால் உவர்ப்பு. கோடையில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு குளத்திலேயே நின்றுவிடும். உவர்த் தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் செப்டெம்பரில் குளம் கிணற்றை விட உப்பாக இருக்கும். ஓரத்தில் வெள்ளைக் கோடு படிவதும் அல்லி இலையின் விளிம்பு பழுப்பாகக் கருகுவதும் அதன் அடையாளம். அப்போது குறைந்ததை மட்டும் நிரப்பாமல், கால்வாசியை இறைத்துவிட்டு நிரப்புங்கள். இறைத்த தண்ணீர் தென்னைக்குப் போகலாம், தென்னை சிறிது உப்பைத் தாங்கும். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

தாமரை வைக்கவா, அல்லி வைக்கவா?

கோயிலுக்குப் பூக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் தாமரைதான் கேட்பார்கள். தாமரைக்கு வெயிலும் இடமும் சேறும் நிறைய வேண்டும். கிழங்கின் கூர் முனை சேற்றுக்குள் ஓடி ஓடிப் போகும், லைனரைக் குத்தவும் கூடும். ஆகவே அடியில் ஓட்டையில்லாத, வட்டமான, 2 அடி அகலப் பேசினில் வயல் சேறு நிரப்பி நட்டு, பேசினோடு குளத்தில் இறக்குங்கள். மூலையுள்ள பாத்திரத்தில் முனை மூலையில் சிக்கிச் சுருண்டு நின்றுவிடும்.

விதையிலிருந்து வளர்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். தாமரை விதையின் ஓடு கறுத்து, கல்லாக இருக்கும். அப்படியே போட்டால் முளைக்காது. சிறு குழியுள்ள மொட்டை முனையைச் சீமெந்துத் தரையில் உரசுங்கள். கறுப்புப் போய், பழுப்புப் போய், உள்ளே வெண்மை ஒரு புள்ளி அளவு தெரிந்ததும் நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுத் தினமும் மாற்றுங்கள். மறுநாள் விதை இரண்டு மடங்கு பருத்திருக்கும். ஒரு கிழமைக்குள் ஓடு பிளந்து, மடிந்த பச்சைத் தண்டு ஒன்று நீளும்.

நம் அளவுக் குளத்துக்கு என் தெரிவு அல்லி இனங்கள். நாட்டின் தேசிய மலரான நீலோற்பலம் நம் உலர்வலயக் குளங்களின் சொந்தப் பூ, காலையில் விரிந்து பின்னேரம் கூம்பும். வெள்ளை அல்லி இரவில் விரிந்து மறுநாள் காலை வெயில் ஏறக் கூம்பும். வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் வெள்ளை அல்லி வையுங்கள், பூவைப் பார்க்கக் கிடைக்கும். சாடியில் நட்டு, முதலில் செங்கல்லை அடியில் வைத்து உயர்த்தி, இலை நீள நீளக் கல்லை எடுத்துச் சாடியைத் தாழ்த்துங்கள். சேற்றின் மேல் ஓரங்குலம் குறுமணல் போட்டால் தண்ணீர் கலங்காது.

ஓரத்துத் திட்டில் வல்லாரை, பொன்னாங்காணி, வசம்பு. மூன்றும் ஈரத்தில் செழிக்கும், மூன்றும் வீட்டுக்கு உதவும்.

ஊதாப் பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை எவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதைத் தடுக்க இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் கொண்டுவந்தார்கள், இன்னமும் குளங்களில் அள்ளிக்கொண்டிருக்கிறோம். சல்வீனியா என்ற மிதக்கும் செடியும் அப்படியே. வழிகிற தண்ணீரோடு ஒரு துண்டு வாய்க்காலுக்குப் போனால் போதும்.

என்ன மீன் விடலாம்?

கப்பி. முதலில் 15, 20 போதும், இரண்டு மாதத்தில் அவை தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். பொன்மீன் வேண்டுமென்றால், பம்பி இல்லாத குளத்தில் ஒரு மீனுக்கு 100 லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். அதிலும் பாதியோடு தொடங்குவது நல்லது. கோயி மீனுக்கு 3 அடிக்கு மேல் ஆழமும் வடிகட்டியும் வேண்டும். இந்த அளவுக் குளத்தில் அதை வளர்ப்பது மீனுக்குச் செய்யும் கொடுமை. திலாப்பியா குழி பறித்துத் தண்ணீரைக் கலக்கிவிடும், அல்லி வேரையும் விடாது.

கடையில் வாங்கிய மீனைப் பையோடு 15 நிமிடம் குளத்தில் மிதக்க விட்டு, சூடு ஒத்துப்போன பின் திறந்துவிடுங்கள்.

மீன் பெருகிவிட்டது, வளர்க்க முடியவில்லை என்று கந்தளாய்க் குளத்திலோ ஆற்றிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடவே வேண்டாம். டேங்க் கிளீனர் என்று கண்ணாடித் தொட்டிக்கு விற்கும் மீன் இப்படித்தான் நம் நாட்டு நீர்நிலைகளில் பரவி, நன்னீர் மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

விடியப்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றுப் போதவில்லை. செடிகள் பகலில் ஒட்சிசன் தந்தாலும் இரவில் அவையும் அதையே எடுக்கும், சூடான தண்ணீரில் அது கரைவதும் குறைவு. வாளியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவது உடனடி உதவி. மீனைக் குறைப்பதும் தீனியைக் குறைப்பதும்தான் நிரந்தரத் தீர்வு.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. இறைத்துக் கழுவவா?

வேண்டாம். புதுக் குளம் முதல் சில கிழமைகள் பச்சையாவது இயல்பு. இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டால் அதே கதை மறுபடி தொடங்கும். அல்லி இலை பரப்பில் பாதியை மூடியதும் பாசிக்கு வெயில் குறைந்து தண்ணீர் தானாகத் தெளியும். மீனுக்கு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள், சோறும் பாணும் வேண்டாம். இழைப்பாசியைத் தடியில் சுற்றி எடுத்து வாழையடியில் போடுங்கள்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. கசிவா, வெயிலா?

ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்துப் படியில் பாதி அமிழ வையுங்கள். வாளிக்குள் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு, வாளிக்கு வெளியே குளத்து மட்டத்துக்கு ஒரு கோடு. மூன்று நாள் கழித்துப் பாருங்கள், இடையில் மழை பெய்தால் மறுபடி தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயிலின் வேலை. குளத்து மட்டம் கூட இறங்கியிருந்தால் கசிவு. கசிவு என்றால் நிரப்பாமல் விடுங்கள். மட்டம் எந்த உயரத்தில் வந்து நிற்கிறதோ, அந்த உயரத்தில் சுற்றிவரத் தேடினால் வெடிப்பு அகப்படும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆபத்தில்லையா?

ஆபத்துத்தான். நாலைந்து அங்குலத் தண்ணீரில், ஒரு சத்தமும் இல்லாமல், இரண்டொரு நிமிடத்தில் ஒரு குழந்தையின் உயிர் போய்விடும். வீட்டில் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் சில வருடம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே குளம் இருக்கிறதென்றால், பிள்ளை ஏற முடியாத 4 அடி வேலியும், தானாக மூடும் படலையும் போடுங்கள். அதோடு நீர்மட்டத்தில் இரும்புக் கம்பி வலையைச் சுவரோடு பொருத்துங்கள். கண் 3 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர் ஒருவர் ஏறி நின்றாலும் வளையாத கம்பியாக இருக்க வேண்டும். வேலியும் வலையும் இருந்தாலும் பிள்ளையைத் தனியே விட முடியாது.

பாம்பு, மான், குரங்கு?

தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். பெரும்பாலும் வருவது தண்ணீர்ப் பாம்பு, கடித்தாலும் விஷமில்லை. ஆனால் வளவில் புடையனும் கண்டங்கருவளையும் தங்குவதற்குக் காரணம் குளம் என்பதை விட, பக்கத்தில் குவித்த கல், ஓலை, விறகு. அவற்றை அகற்றி, புல்லைக் கட்டையாக வெட்டி, இரவில் டோர்ச் இல்லாமல் குளத்தடிக்குப் போகாதீர்கள். கடிபட்டால் வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், கால் கையை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்கு.

நகருக்குள் பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் ஒழுங்கைகளில் திரிவது தெரிந்ததே. படலை திறந்திருந்தால் வந்து வல்லாரையை மேயும், தண்ணீர் குடிக்கும். கோடையில் அவை குடித்துவிட்டுப் போகட்டும். குளத்தடியில் பொலித்தீன் மட்டும் கிடக்க விடாதீர்கள், அவை அதையும் தின்றுவிடும். குரங்கு அல்லி மொட்டைப் பிய்க்கும், அதற்குக் காவல்தான் வழி. கொக்கும் மீன்கொத்தியும் சில மீனைப் பிடிக்கும். நான் அதைத் தடுப்பதில்லை.

ஒரு பக்கத்தைச் சரிவாகவோ படியாகவோ விடுங்கள். அணிலும் ஓணானும் விழுந்தால் ஏறி வர வேண்டும்.

பம்பியும் நீரூற்றும் வேண்டுமா?

மீன் குறைவு, செடி நிறைய என்றால் வேண்டாம். நீரூற்று கச்சானில் தண்ணீரைச் சிதறடித்து இழப்பைக் கூட்டும், தாமரையும் அல்லியும் தெறிக்கும் தண்ணீரை விரும்பாது. மீன் கூட இருந்தால் சிறிய சூரிய மின் காற்றுப் பம்பி ஒன்று போதும். இரவில் வேலை செய்ய மின்கலம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

யாரிடமாவது அனுமதி எடுக்க வேண்டுமா?

கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் நிலம் சட்டப்படி கரையோர வலயம். அங்கே கட்டுமானம் எதுவானாலும் முதலில் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தைக் கேளுங்கள். மற்ற இடங்களில் மதிலோடு சேர்த்துக் கட்டுவதென்றால் உங்கள் உள்ளூராட்சி சபையில் விசாரியுங்கள். தோண்டிய மணலை வளவுக்குள்ளேயே பரப்பிவிடுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றுவதும் விற்பதும் குற்றம்.

ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறோம். என்ன செய்வது?

மாரியில் என்றால் வழிகுழாயின் வலையைச் சுத்தமாக்கி, பீலியைக் குளத்திலிருந்து திருப்பிவிட்டுப் போங்கள். கோடையில் என்றால் வழிகுழாய் மட்டம் வரை நிரப்புங்கள். ஒரு மாதத்தில் 7, 8 அங்குலம் இறங்கும், 2 அடி ஆழமுள்ள குளத்துக்கு அது பரவாயில்லை. வெயில் படும் பக்கத்தில் நாலு தென்னோலை கிடத்தி வையுங்கள், வந்ததும் எடுத்துவிடலாம். கப்பிக்குத் தீனி தேவையில்லை, பாசியும் பூச்சியும் போதும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கிழமைக்கொரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள். பாவம் பார்த்துத் தீனி போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆளில்லாத வீட்டுக் குளத்தில் மீன் சாவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய தீனியால்தான்.